தேற்றாங்கொட்டையும் பிடியரிசியும்

ஆடி மாதத்தில் காவிரியில் வரும் புதுப்புனலை அப்படியே குடிக்க முடியாது. செம்மண்ணும் சருகும் நுரையுமாக வரும் நீர் அது. வீட்டுக்கு வீடு குழாய் வருவதற்கு முன்பு, அந்த நீரைக் குடத்தில் கொண்டுவந்து, குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்துவிட்டுச் சிறிது நேரம் அசைக்காமல் வைத்திருப்பார்கள். மண் அடியில் படிந்து, மேலே நீர் தெளிந்து நிற்கும். தேறுதல் என்றால் தெளிதல். தேற்றுதல் என்றால் தெளியச் செய்தல். துக்கத்தில் இருப்பவரைத் தேற்றுகிறோம் என்று சொல்லும்போதும் இதே வினைச்சொல்லைத்தான் எடுத்தாள்கிறோம். அந்தக் கொட்டை மண்ணை அகற்றிவிடுவதில்லை. மண் குடத்துக்குள்ளேயேதான் இருக்கிறது. குடிப்பதற்குக் கொஞ்சம் தெளிந்த நீர் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

தமிழ்க் கிறிஸ்தவர்களின் பேச்சில் இந்தச் சொல் பிறர் பேச்சில் இருப்பதைவிடச் சற்று அதிகமாகவே புழங்குகிறது. வேதாகமத் தமிழின் செல்வாக்கு அது. பரிசுத்த ஆவிக்கே அங்கே தேற்றரவாளன் என்றொரு பெயர் உண்டு. தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தில் பவுல், துன்புறுத்தலுக்கு ஆளாகியிருந்த ஒரு சிறிய சபையாரிடம், தேற்றுகிற வேலையைத் தங்களுக்குள்ளேயே செய்துகொள்ளும்படி கேட்டுக்கொள்கிறார். இப்பகுதியைப் பிரசங்கிப்பவர்கள் பெரும்பாலும் 'தேற்றுதல்' என்ற சொல்லைத்தான் விரித்துரைப்பார்கள். எனக்கோ அதற்கு முன்னால் நிற்கும் 'ஒருவரையொருவர்' என்ற சொல்லே கடினமானதாகப் படுகிறது. தேற்றுவது ஓரளவுக்கு எளிது. தேற்றுகிறவர் நின்றுகொண்டிருப்பார், தேற்றப்படுகிறவர் உட்கார்ந்திருப்பார். ஒருவரையொருவர் என்று வந்துவிட்டால் இன்று நிற்பவர் நாளை உட்கார வேண்டியிருக்கும். அதுவும் நேற்றுத் தான் தேற்றிய ஆளின் முன்னால். அதற்கு மனிதர்கள் எளிதில் சம்மதிப்பதில்லை.

நான் பிறந்தது மாயவரத்துக்கும் தரங்கம்பாடிக்கும் இடைப்பட்ட ஓர் ஊரில், ஒரு லுத்தரன் குடும்பத்தில். ஆகவே இந்தச் சொல்லை நான் யோசிக்கும்போதெல்லாம் காவிரியின் கடைமடைப் பகுதியும், அங்கே முந்நூறு ஆண்டுகளாக இருந்துவரும் சபைகளும்தான் நினைவுக்கு வருகின்றன. நெற்களஞ்சியம் என்று பாடப்புத்தகம் சொல்கிற பூமி இது. ஆனால் மேட்டூரில் திறந்த நீர் கடைசியாக வந்துசேரும் இடமும், கடல் பொங்கினால் முதலில் அடிபடும் இடமும் இதுவே. 1952, 1977, 2018 புயல்கள், 2004 கடற்கோள் என்று வருஷங்களை வைத்துக் காலத்தைக் கணக்கிடுகிற ஊர்கள் எங்களுடையவை. இங்கே கஷ்டகாலம் என்பது அபூர்வமான விருந்தாளி அல்ல. முறை வைத்து வந்துபோகும் உறவினர்.

பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்றி புளுட்சோவும் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்திறங்கினார்கள். டென்மார்க் அரசர் அனுப்பி வந்தவர்களை டேனியக் கோட்டையின் அதிகாரியே விரும்பவில்லை. 1708 நவம்பரில், ஓர் ஏழை விதவையின் வழக்கில் பரிந்து பேசியதைத் தொட்டு எழுந்த தகராறில், சீகன்பால்கு டான்ஸ்பர்க் கோட்டைக்குள் சிறைவைக்கப்பட்டார். ஏறத்தாழ நான்கு மாதம். அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. எழுதுவதற்குத் தாளும் மையும்கூட முதலில் மறுக்கப்பட்டன. பிறரைத் தேற்றுவதற்கென்று கடல் கடந்து வந்தவர், இரண்டே வருஷத்தில் தான் தேற்றப்பட வேண்டிய நிலையில் கடற்கரைக் கோட்டை ஒன்றில் உட்கார்ந்திருந்தார்.

விடுதலையான பிறகும் அவரும் தோழர்களும் ஐரோப்பாவுக்குக் கடிதங்கள் எழுதிக்கொண்டேயிருந்தார்கள். ஜெர்மனியின் ஹாலே நகரில் அவை தொகுத்து அச்சிடப்பட்டன. சில ஆங்கிலத்திலும் வெளிவந்தன. அந்த ஆங்கில நூல் ஒன்று இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற சிற்றூரின் குருமனைக்குப் போய்ச் சேர்ந்தது. 1712-இன் தொடக்கத்தில், கணவர் லண்டன் போயிருந்த சமயத்தில், சுசன்னா வெஸ்லி என்ற பெண்மணி அதைப் படித்தார். பல பிள்ளைகளின் தாய்; கடனும் வறுமையும் தீவிபத்தும் பார்த்தவர். தரங்கம்பாடிக் கதையைப் படித்தபின் தன்னாலும் ஏதாவது செய்ய முடியும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஒவ்வொரு நாள் மாலையிலும் ஒரு பிள்ளை என்று வைத்துக்கொண்டு தனியாகப் பேசத் தொடங்கினார். ஞாயிறு மாலைகளில் வீட்டில் நடந்துவந்த குடும்ப ஜெபத்துக்கு அக்கம்பக்கத்தார் வரலானார்கள். கூட்டம் இருநூறைத் தாண்டியது. அவரோடு தனியாகப் பேசிய பிள்ளைகளில் ஒருவர் ஜான், இன்னொருவர் சார்லஸ். பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கமாக உலகெங்கும் பரவியதன் வேர்களில் ஒன்று அந்த வீட்டில் இருக்கிறது.

இதை எங்கள் ஊர்ப் பெருமையாகச் சொல்லவில்லை. உதவி கேட்டு, குறை சொல்லி, மனம் சோர்ந்து எழுதப்பட்ட கடிதங்கள் அவை. ஐரோப்பா தரங்கம்பாடியைத் தேற்ற வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. பணமும், அச்சு எந்திரமும், தமிழ் எழுத்துகளும் அங்கிருந்து வரத்தான் செய்தன. 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்ததும் அவற்றால்தான். ஆனால் அதே நேரத்தில், யாரும் திட்டமிடாமல், எதிர்த்திசையிலும் ஒன்று போய்க்கொண்டிருந்தது. தன் கஷ்டத்தை உள்ளபடி எழுதிய ஒருவர், தான் அறியாத ஒரு தாய்க்குத் தைரியம் கொடுத்துவிட்டார். சீகன்பால்கு 1719-இல் தம் முப்பத்தாறாம் வயதில் தரங்கம்பாடியிலேயே இறந்தார். எப்வொர்த் சமையலறைகளைப் பற்றி அவருக்கு எதுவும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

தஞ்சாவூரில் சிவகங்கைக் குளத்தை ஒட்டிய கிறிஸ்து ஆலயத்துக்குப் பலரும் போயிருக்கக்கூடும். கிறிஸ்டியன் பிரெடரிக் சுவார்ட்ஸ் 1779-இல் கட்டிய கோயில். உள்ளே ஜான் பிளாக்ஸ்மேன் செதுக்கிய சலவைக்கல் சிற்பம் இருக்கிறது. மரணப்படுக்கையில் கிடக்கும் சுவார்ட்ஸின் கையைப் பற்றியபடி சரபோஜி மன்னர் நிற்கிறார். மன்னரே செய்வித்த சிற்பம் அது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அதில் செதுக்கப்படாத வேறு சிலரைத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன்.

1780-இல் ஹைதர் அலியின் படை கர்நாடகத்துக்குள் புகுந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் தஞ்சை நாடு சூறையாடப்பட்டது. குடியானவர்கள் ஊர்களைவிட்டு ஓடினார்கள். கோட்டைக்குள் பஞ்சம். நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது, அதைக் கொண்டுவர மாடுகள் இல்லை. மாடு வைத்திருந்தவர்கள் வர மறுத்தார்கள். முன்பு கொண்டுவந்தபோது பணம் கொடுக்காமல் ஏமாற்றப்பட்டவர்கள் அவர்கள். அரசரின் வாக்கையோ, கம்பெனியின் வாக்கையோ நம்ப ஆளில்லை. சுவார்ட்ஸை நம்புகிறார்களா பார்ப்போம் என்று துளஜா மன்னர் அவரைக் கேட்டுக்கொண்டார். பணத்துக்குத் தான் பொறுப்பு என்று சுவார்ட்ஸ் சொன்னார். சில நாட்களில் ஏறத்தாழ ஆயிரம் மாடுகள் வந்தன. எண்பதாயிரம் கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது.

வரலாற்றில் இந்தச் சம்பவம் சுவார்ட்ஸின் நற்பெயருக்குச் சான்றாகச் சொல்லப்படுகிறது. நியாயம்தான். ஆனால் அந்த நெல்லைச் சேகரிக்கக் குதிரைப்படைகள் திரிந்துகொண்டிருந்த நாட்டுப்புறத்துக்குள் போனவர்கள் உபதேசிமாரும் பிற கிறிஸ்தவர்களும். உயிருக்கு ஆபத்து இருந்தும் போனார்கள் என்பதைச் சுவார்ட்ஸே எழுதியிருக்கிறார். வெளியே போனவர்கள் அவருடைய வாக்கை நம்பிப் போனார்கள். அவருடைய வாக்கோ அவர்கள் திரும்பி வருவதை நம்பி நின்றது. இதில் யார் யாருக்குத் தைரியம் கொடுத்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். அவர்களுடைய பெயர்கள் அந்தக் கல்லில் இல்லை. 1798 பிப்ரவரியில் சுவார்ட்ஸ் இறந்தபோது, உடனிருந்தவர்கள் அவருக்குப் பிடித்த ஞானப்பாட்டு ஒன்றைப் பாடினார்கள் என்றும், உயிர் போய்விட்டதென்று எண்ணப்பட்டவர் தாமும் சேர்ந்து பாடத் தொடங்கினார் என்றும் ஒரு கதை உண்டு. சாகிறவரைத் தேற்றப் பாடியவர்கள், அவர் குரலைக் கேட்டுத் தாங்கள் தேறியிருப்பார்கள்.

இந்த வரலாற்றில் வெளிச்சமான பக்கங்களை மட்டும் எழுதினால் அது திருச்சபை ஆண்டுமலருக்கான கட்டுரையாகிவிடும். ஒருவரையொருவர் என்ற சொல் எங்கே வந்து இடறி விழுந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) சுவார்ட்ஸால் சிறுவயதில் திருநெல்வேலியிலிருந்து அழைத்துவரப்பட்டு வளர்க்கப்பட்டவர். சரபோஜியின் நண்பர், அவையில் மதிக்கப்பட்ட புலவர், 'பெத்லகேம் குறவஞ்சி'யை இயற்றியவர். சாவு வீடுகளில், நோயாளியின் கட்டிலைச் சுற்றி, பயிர் போன வருஷத்தின் கிறிஸ்துமஸ் இரவில், எங்கள் ஜனங்கள் பாடும் கீர்த்தனைகளில் அவருடையவை எத்தனையோ. தமிழ்க் கிறிஸ்தவர்களை அவரைப்போலத் தேற்றிய இன்னொரு கவிஞர் இல்லை என்றே சொல்லலாம். அந்தச் சாஸ்திரியார்தான் 1820-களின் இறுதியில், சபைக்குள் சாதி வித்தியாசம் கூடாது என்று புதிதாக வந்த மிஷனரிகள் வற்புறுத்தியபோது அதைக் கொடுமை என்று எதிர்த்து எழுதினார். எல்லோரும் கலந்து உட்காருவதையும், நற்கருணைக் கிண்ணம் ஒன்றாயிருப்பதையும் அவரால் ஏற்க முடியவில்லை. 1829-இல் மிஷன் ஊழியத்திலிருந்து நீக்கப்பட்டார்.

அவர் தரப்பில் வேறு நியாயங்களும் இருந்தன. புதிய மிஷனரிகள் வழிபாட்டில் தமிழ்ப் பாடல்களையும், பண்டிகைகளில் பூக்களையும் விலக்கப் பார்த்தார்கள். தமிழ்ப் பண்பாட்டின் மேலேயே அவர்களுக்கு ஓர் இளக்காரம் இருந்தது. அதை எதிர்த்து அவர் நின்றிராவிட்டால் நமக்கு எவ்வளவோ இசை கிடைத்திராது. ஆனாலும் கிண்ணத்தைப் பொறுத்தவரை அவர் நின்ற பக்கம் தவறான பக்கம்தான். 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை உடனடியாகவும் முற்றாகவும் விட்டொழிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் பெருந்தொகையாகக் கோயிலைவிட்டு வெளியேறினார்கள். சில ஆண்டுகளில், சாதி விஷயத்தில் அவ்வளவு கண்டிப்புக் காட்டாத லைப்சிக் லுத்தரன் மிஷன் தரங்கம்பாடிக்கு வந்ததும் பலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். எங்கள் குடும்பத்தின் சரித்திரமும் அந்தப் பாதை வழியாகத்தான் வருகிறது. கல்லறைத் தோட்டத்தின் குறுக்கே சுவர் எழுப்பிய ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு என்பதும் இதைப் படிப்பவர்களுக்குத் தெரியாததல்ல.

பாடலால் தேற்ற முடிந்தவரால் பாயைப் பகிர்ந்துகொள்ள முடியவில்லை. நெருக்கடிக் காலத்தில் கீழே இருப்பவருக்குக் கொடுப்பதில் சாதிக்கு ஆட்சேபணை எதுவும் கிடையாது. தர்மம் என்று அதற்கு ஓர் இடம் ஒதுக்கியே வைத்திருக்கிறது. கீழே இருப்பவரிடமிருந்து வாங்குவதுதான் அதற்குப் பொறுக்காது.

முதல் உலகப்போரின்போது எங்கள் சபைக்கு வேறொரு சோதனை வந்தது. 1914-இல் போர் தொடங்கியதும் லைப்சிக் மிஷனின் ஜெர்மானியர்கள் பகை நாட்டாராகிவிட்டார்கள். பலர் காவலில் வைக்கப்பட்டார்கள். பின்னர் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டார்கள். ஆஸ்பத்திரிகளும் பள்ளிகளும் கோயில்களும் அவர்களை நம்பி நடந்துவந்தவை. சுவீடன் திருச்சபை பொறுப்பை எடுத்துக்கொண்டது. ஆட்களும் பணமும் குறைவு. இந்தியப் போதகர்களும் ஆசிரியர்களும் உபதேசிமாரும் முன்னெப்போதையும்விட அதிகமான சுமையைத் தூக்கினார்கள். 1919 ஜனவரி 14 அன்று தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை என்ற பெயரில் அது தனித் திருச்சபையானது. தந்தை இல்லாத வீட்டில் அண்ணன் தம்பிகள் கூடிப் பேசிக்கொள்ளக் கற்றுக்கொள்வது போன்ற ஒரு காலம் அது. எனினும் முதல் பேராயர்கள் சுவீடன்காரர்களாகவே இருந்தார்கள். 1956-இல் ராஜா மாணிக்கம் தரங்கம்பாடியின் முதல் இந்தியப் பேராயராகும் வரை அந்த நிலை நீடித்தது.

இந்தப் பெரிய சரித்திரங்களுக்குப் பக்கத்தில் வைக்க என்னிடம் ஒரு சிறிய பானை இருக்கிறது. எங்கள் சபைகளில் பெண்கள், உலை வைக்கும்போது களைந்து போட எடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனியாக ஒரு பானையில் போட்டுவைப்பார்கள். பிடியரிசி என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் காணிக்கையாகக் கொட்டுவார்கள். சபைக்கு வருமானம், ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் அதிலிருந்து போகும். காணிக்கைத் தட்டில் போடப் பணம் இல்லாத பெண்களும் எதையாவது கொடுக்க வழிசெய்த ஏற்பாடு இது. என் அப்பாயி ஒருநாளும் தவறாமல் போட்டுவந்தார். அந்த அரிசி போய்ச் சேருமிடம் ஊரின் தெற்கே, வயல்வேலை செய்கிற குடும்பங்கள் இருந்த தெரு என்பதும் அவருக்குத் தெரியும். அவர்களும் அதே சபைதான். கோயிலில் உட்காரும் பக்கம் மட்டும் வேறு. அவர்கள் வீட்டுச் சொம்பிலிருந்து அப்பாயி ஒருநாளும் தண்ணீர் வாங்கிக் குடித்தவரல்ல.

1977 நவம்பர் 12-இல் நாகப்பட்டினத்தருகே கரையைக் கடந்த புயலின்போது எனக்கு ஏழு வயது. காற்றின் ஓலத்தைவிட, அது நின்ற பிறகு இருந்த அமைதிதான் நினைவிருக்கிறது. ஓடுகள் பறந்துவிட்டன. பத்தாயத்துக்குள் மழைநீர் இறங்கி, இருந்த நெல் முளைவிட்டது. தூர் கட்டியிருந்த சம்பாப் பயிர் நாள்கணக்கில் நீருக்குள் கிடந்து அழுகியது. கொஞ்சம் நிலமும் நிறையக் கடனும் உள்ள வீடு எங்களுடையது. சேமிப்பு என்று சொல்ல அந்தப் பத்தாயம் ஒன்றுதான். அப்பா பேச்சை நிறுத்திக்கொண்டார். திண்ணையில் உட்கார்ந்து வயலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு மாலையில் உபதேசியாரும் தெற்குத் தெருவிலிருந்து இரண்டு பெண்களும் வந்தார்கள். அவர்களுடைய குடிசைகள் எங்களுக்கு முன்பே விழுந்துவிட்டிருந்தன. புயல் அவ்வளவாகத் தாக்காத ஊர்களிலிருந்து சேகரத்துக்கு வந்த பிடியரிசியைப் பங்கிட்டுக் கொண்டிருந்தார்கள். ஒரு பெண்ணின் தலையில் சிறிய மூட்டை. எங்கள் வயலில் நடவு நட்ட பெண் அவர். மூட்டையை இறக்கிவைத்துவிட்டுச் சற்றுத் தள்ளி நின்றார். அப்பாயி வெளியே வரவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பெரியம்மா, வாங்கிக்கங்க. இதுல உங்க பிடியும் இருக்கு" என்றார் அந்தப் பெண்.

அப்பாயி முந்தானையை ஏந்தி வாங்கிக்கொண்டார். அன்றிரவு அந்த அரிசிதான் உலையில் ஏறியது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒவ்வொரு ரகம்: கூலி நெல்லைக் குத்திய சிவப்பரிசி, ஐ.ஆர். இருபது, கடையில் வாங்கிய நொய். பல ரக அரிசி ஒன்றாக வேகாது. சில குழைந்துபோயும் சில விதையாகவும் இருந்த அந்தச் சோறு எனக்கு இன்னமும் நாவில் இருக்கிறது. நன்றாக இல்லை என்று நான் சொன்னதும், அதற்காக அம்மா என்னை அடித்ததும் நினைவிருக்கின்றன. உலையில் போடும் முன்பு அப்பாயி அந்த அரிசியிலிருந்தும் ஒரு பிடி எடுத்துப் பானையில் போட்டார் என்று அம்மா பின்னாளில் சொன்னார். இதிலிருந்துமா என்று அம்மா கேட்டதற்கு, இதிலிருந்துதான் போடணும் என்றாராம்.

அன்றோடு எல்லாம் மாறிவிட்டது என்று எழுதத்தான் ஆசை. மாறவில்லை. கோயிலில் அப்பாயி உட்காரும் இடம் அவர் சாகும்வரை அதே இடம்தான். ஆனால் இரண்டு மூன்று வருஷம் கழித்து, மூட்டை தூக்கிவந்த அந்தப் பெண்ணின் மகள் கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தார். உறவுக்காரர்கள் கேட்டதற்கு, ஏற்கெனவே சாப்பிட்டாச்சு, இனிமே என்ன என்றார். பேராயரின் சுற்றறிக்கையால் ஆகாததை ஒரு மூட்டை அரிசி கொஞ்சம் செய்தது. கிண்ணங்களைத் தனித்தனியாக வைக்கலாம். பானையில் விழுந்து கலந்த அரிசியில் எது யாருடைய பிடி என்று எவராலும் பொறுக்கி எடுக்க முடியாது.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வேளாங்கண்ணியில் யாத்திரிகர் கூட்டம் நிறைந்திருந்த காலை வேளையில் கடல் உள்ளே வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் இறந்தவர்கள் ஆறாயிரத்துக்கும் மேல். வேளாங்கண்ணியில் கடற்கரைக்குப் போயிருந்த யாத்திரிகர்கள் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். நாகூர் தர்கா, இறந்தவர்களின் மதம் பாராமல் அடக்கம் செய்யத் தன் நிலத்தைத் திறந்துவிட்டது. டெல்டாவில் அன்று தேற்றுவோருக்கும் தேற்றப்படுவோருக்கும் மத எல்லைகள் இருக்கவில்லை.

அந்த ஜனவரியில் கடற்கரையோர முகாம் ஒன்றில் சில நாள் அரிசி, பாய் விநியோகத்துக்கு உதவியாக இருந்தேன். வெளியூரிலிருந்து வந்த ஒருவர், இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு தாயிடம், ஆண்டவர் தாம் நேசிக்கிறவர்களைச் சீக்கிரம் அழைத்துக்கொள்வார் என்று விளக்கிக்கொண்டிருந்தார். அவர் கெட்டவரல்ல. வேனில் மருந்தும் கம்பளியும் கொண்டுவந்தவர்தான். அந்தப் பெண் எதிரே இருந்த தூணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் வாய்பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள்தான். எட்டாம் நாள் காரணம் சொல்லத் தொடங்கியதும்தான் எல்லாம் கெட்டது.

அவர் போன பிறகு முகாமிலேயே இருந்த இன்னொரு பெண் வந்தாள். அவளுடைய கணவனின் உடல் கிடைத்திருக்கவில்லை. ஒன்றும் சொல்லாமல் முதல் பெண்ணின் பின்னால் உட்கார்ந்து, பல நாளாகச் சிக்குப் பிடித்துக் கிடந்த அவள் தலையை வாரத் தொடங்கினாள். அரைமணி நேரம் இருக்கும். சிக்கு எடுக்கும்போது வலித்திருக்க வேண்டும். முதல் பெண் ஒருமுறை முகத்தைச் சுளித்தாள். அந்த முகத்தில் பல நாட்களுக்குப் பிறகு வந்த முதல் அசைவு அதுவாக இருந்திருக்கலாம். பின்னி முடித்ததும் திரும்பி, "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டாள். வாரியவள் அதுவரை அழாமல் இருந்தவள். அந்தக் கேள்விக்குத்தான் உடைந்து அழுதாள். பிறகு முதல் பெண் எழுந்துபோய் இருவருக்கும் சோறு வாங்கிவந்தாள்.

யார் யாரைத் தேற்றினார்கள்? வேனில் வந்தவரிடம் கொடுப்பதற்கு நிறைய இருந்தது, வாங்கிக்கொள்ள எதுவும் இருக்கவில்லை. அவர் அந்த முகாமில் யாரிடமும் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கேட்டிருக்கமாட்டார். இந்தப் பெண்ணிடமோ ஒரு சீப்புதான் இருந்தது. ஆனால் அவளுக்கும் ஒன்று தேவைப்பட்டது. அது தேவை என்பதை அவள் மறைக்கவில்லை.

கஷ்டகாலத்தில் விசுவாசிகள் ஒருவரையொருவர் தாங்க வேண்டும் என்று நாம் சொல்லும்போது, பெரும்பாலும் கொடுப்பதைப் பற்றியே யோசிக்கிறோம். நிவாரண நிதி, பார்சல், ஜெபக் குறிப்பு. அவை இல்லாமல் ஆகாது. 2018-இல் கஜா புயல் பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோதும், 2020-இல் நோய்க்கு அஞ்சிக் கோயில் கதவுகள் மூடப்பட்டபோதும் அவைதான் பலரைக் காப்பாற்றின. எனினும் நான் அறிந்தவரை இந்த மண்ணில் தேற்றுதல் முழுமையடைந்த இடங்களெல்லாம், கொடுக்கவே பழகியவர் வாங்கிக்கொள்ள முந்தானை ஏந்திய இடங்கள்தான். இருப்பதிலேயே கடினமான ஊழியம் அதுவென்று நினைக்கிறேன். அதற்கு யாரும் அபிஷேகம் செய்து அனுப்புவதில்லை.

இப்போது எங்கள் சபையில் பலர் பிடியரிசிக்குப் பதிலாகப் பணம் கொடுத்துவிடுகிறார்கள். ரேஷன் அரிசி வந்தபின் கையரிசிக்குத் தேவை குறைந்துவிட்டது, நியாயமான மாற்றம்தான். சில வீடுகளில் மட்டும் பிளாஸ்டிக் டப்பாவில் இன்னமும் போட்டுவருகிறார்கள். பிடி என்பதற்கு எடை கிடையாது. கதிர் அறுத்துக் காய்த்துப்போன கைக்கு ஓர் அளவு, சிறுபிள்ளையின் கைக்கு ஓர் அளவு. போன மாதம் கோயிலில், நான்கு வயதிருக்கும் ஒரு குழந்தை தன் பிடியைக் கொண்டுவந்து கொட்டியதைப் பார்த்தேன். வழியிலெல்லாம் சிந்தியதுபோக ஏழெட்டு மணிதான் மிஞ்சியிருந்தது. உபதேசியார் குனிந்து அந்தக் கையை விரித்து, ஒட்டிக்கொண்டிருந்த கடைசி மணியையும் தட்டிவிட்டுத்தான் அனுப்பினார்.